பழைய கரி கிரில்லின் ஸ்பாட் வெல்டிங்கைப் பிரித்து உதிரிகளைக் காப்பாற்றும் முறை

மழையில் கிடந்த கரி கிரில்லில் முதலில் போவது தொட்டியின் அடித்தகடு. அங்கே படிந்த சாம்பல் ஈரத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும்; தகடு செதில் செதிலாக உதிர்ந்துவிடும். ஆனால் மூடியின் கீல், கைப்பிடியைத் தாங்கும் பிராக்கெட், கம்பி வலை உட்காரும் எல் வடிவப் பட்டைகள், கால் சொருகும் கூடுகள் எல்லாம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இவற்றைக் கழற்றி எடுத்தால் டிரம்மில் புது அடுப்பு கட்டலாம், வேறொரு கிரில்லைப் பழுதுபார்க்கலாம். கழற்றத்தான் போல்ட்டோ ஸ்க்ரூவோ இருக்காது. தகட்டின் மேல் வட்டமாக அமுங்கிய தடங்கள் மட்டும் தெரியும். அவைதான் ஸ்பாட் வெல்டிங்.

இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரு பக்கமும் செம்பு முனைகளால் இறுக்கி, ஒரு நொடியின் சிறு பகுதி நேரத்துக்கு ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தைப் பாய்ச்சுவார்கள். தகடுகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் மின்தடை அதிகம். அதனால் உருகுவதும் அங்கேதான். இரு தகடுகளுக்கும் நடுவில் காசு போல ஒரு பொட்டு உறைந்து நிற்கும். வெளியே தெரியும் பள்ளம் செம்பு முனை அழுத்திய தடம். உள்ளே இருக்கும் பொட்டு அதைவிடச் சிறியது. தகட்டின் கனத்தை மி.மீ. கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 5 ஆல் பெருக்கினால் பொட்டின் விட்டம் ஏறக்குறைய வந்துவிடும். 1 மி.மீ. தகட்டுக்கு 5 மி.மீ.; 0.8 மி.மீ. தகட்டுக்கு 4.5 மி.மீ. இந்த அளவை நினைவில் வைத்தால் எந்த பிட் வாங்குவது என்ற குழப்பம் இருக்காது.

எந்தத் தகடு போகட்டும்?

கருவியை எடுக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டியது இது. ஸ்பாட் வெல்டிங்கைப் பிரிப்பதென்றால் இரண்டு தகடுகளில் ஒன்றில் ஓட்டை விழுந்தே தீரும். ஓட்டை எதில் விழுவது என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

தொட்டி துருத்து வீணாகிவிட்டது, பிராக்கெட்தான் வேண்டும் என்றால், தொட்டியின் பக்கமிருந்து துளையிடுங்கள். பொட்டைச் சுற்றித் தொட்டித் தகடு வெட்டுப்பட்டதும் பிராக்கெட் ஓட்டையில்லாமல் முழுசாகக் கையில் வரும். தொட்டி நல்ல நிலையில் இருந்து, உடைந்த பிராக்கெட்டை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் பிராக்கெட் பக்கமிருந்து துளையிட வேண்டும். இரண்டுமே வேண்டுமென்றால், ஓட்டை விழுந்தாலும் பின்னால் போல்ட் போட்டு மறைத்துக்கொள்ளக்கூடிய தகட்டைத் தேர்ந்தெடுங்கள். அது பெரும்பாலும் பிராக்கெட்டாகத்தான் இருக்கும். தொட்டியில் ஓட்டை விழுந்தால் காற்று நுழையும். காற்று நுழைந்தால் தீயைக் கட்டுப்படுத்த முடியாது.

புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் கைக்கு எட்டும் பக்கத்திலிருந்து ஆரம்பித்துவிடுவார்கள். தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்க்கச் சோம்பல்பட்டால், காப்பாற்ற நினைத்த உதிரியே சல்லடையாகிவிடும். ஒவ்வொரு இணைப்பிலும் வெட்டவேண்டிய பக்கத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

எடுப்பதற்கு முன் உதிரி தேறுமா என்றும் பாருங்கள். திருப்புளி முனையால் அழுத்திக் குத்தினால் நல்ல தகட்டில் கீறல் மட்டும் விழும். அரித்துப்போன தகட்டில் முனை உள்ளே இறங்கும். சுத்தியலால் லேசாகத் தட்டும்போது கணீரென்று கேட்காமல் சொத்தென்று கேட்டாலும் சந்தேகப்படுங்கள். பாதிக் கனம் போய்விட்ட உதிரிக்கு உழைப்பது வீண். அது பழைய இரும்புக் கடைக்குப் போகட்டும்.

வேண்டிய கருவிகள்

டிரில்லிங் மெஷின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சென்டர் பஞ்ச், சுத்தியல், 3 மி.மீ. எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட், ஸ்பாட் வெல்டு கட்டர், மெல்லிய உளி அல்லது தடித்த பட்டி பிளேடு, இரண்டு சி கிளாம்ப், அரம், கம்பி பிரஷ், கொஞ்சம் கட்டிங் ஆயில். 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர் இருந்தால் 80 கிரிட் ஃபிளாப் டிஸ்க்கும் (உப்புத்தாள் மடல்கள் அடுக்கிய தேய்ப்பு வட்டு) 1 மி.மீ. கட்டிங் வீலும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். கட்டிங் வீலின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதித் தேதி இருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள். டிஸ்க்கில் எழுதியிருக்கும் அதிகபட்சச் சுற்று, கிரைண்டரின் சுற்றைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

ஸ்பாட் வெல்டு கட்டரில் இரண்டு வகை உண்டு. ஒன்று வளைய வகை: சின்ன ஹோல் சா (வட்டமாக அறுக்கும் பல் வைத்த குவளை) போல, நடுவில் ஸ்பிரிங் வைத்த ஊசியோடு, பெரும்பாலும் 9.5 மி.மீ. விட்டத்தில் கிடைக்கும். இது பொட்டைச் சுற்றி வளையமாக வெட்டும். பொட்டு கீழ்த் தகட்டிலேயே நிற்கும். மலிவு, ஆனால் பற்கள் சீக்கிரம் உடையும். வளைந்த பரப்பில் ஒரு பக்கப் பல் மட்டும் முதலில் தொடுவதால் இன்னும் வேகமாக உடையும். இரண்டாவது 8 மி.மீ. கெட்டி பிட் வகை: முனை ஏறக்குறைய தட்டையாக, நடுவில் மட்டும் சின்ன மூக்கோடு இருக்கும். விலை அதிகம், ஆனால் நீண்ட நாள் உழைக்கும். உருண்டைத் தொட்டிக்கும் டிரம் கிரில்லுக்கும் இதையே வாங்குங்கள்.

சாதாரண 8 மி.மீ. டிரில் பிட் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அதன் 118 டிகிரி கூர் மட்டுமே 2.4 மி.மீ. நீளம். மேல்தகடு 1 மி.மீ. என்றால், பிட்டின் முழு விட்டமும் மேல்தகட்டைக் கடக்கும் முன்பே முனை கீழ்த் தகட்டையும் துளைத்து வெளியே போயிருக்கும். கட்டர் கிடைக்காத ஊரில், பழைய 8 மி.மீ. பிட்டைக் கிரைண்டிங் கல்லில் பிடித்து முனையைத் தட்டையாக்கி, நடுவில் கடுகளவு கூர் மட்டும் விட்டுத் தீட்டிக்கொள்வார்கள். லேத் பட்டறையில் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை.

கண்ணாடி கட்டாயம், பக்கவாட்டிலும் மூடியதாக இருக்கட்டும். உளி பிடிக்கும்போதும் வெட்டிய தகட்டைத் தூக்கும்போதும் தோல் கையுறை போடுங்கள். டிரில் ஓடும்போது தொளதொள கையுறை வேண்டாம். பிட்டில் சுற்றிக்கொண்டு விரலையும் இழுத்துவிடும். கிரைண்டருக்குப் பருத்தி உடை. நைலான் சட்டையில் தீப்பொறி விழுந்தால் உருகித் தோலில் ஒட்டும்.

சுத்தம் செய்து, உலோகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

சாம்பலை முதலில் கொட்டுங்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு, தண்ணீர் லேசாகத் தெளித்த பிறகு. எண்ணெய்ப் பிசுக்கை விட்டுவைத்துக் கிரைண்டர் பிடித்தால் தீப்பொறியில் அது பற்றிக்கொள்ளும். இறைச்சிக் கொழுப்பு படிந்த தொட்டியில் இது அடிக்கடி நடக்கும் விபத்து. வெந்நீரில் சலவைச் சோடா கரைத்து ஊறவைத்துத் தேய்த்தால் பிசுக்கு இளகும். அலுமினிய உதிரி எதையும் அதில் போடாதீர்கள். சோடா அலுமினியத்தை அரித்துக் கறுப்பாக்கிவிடும்.

பிறகு காந்தம். ஒட்டாவிட்டால் 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ அலுமினியமாகவோ இருக்கும். ஒட்டினால் சாதாரண இரும்பு, அல்லது 430 வகை ஸ்டெயின்லெஸ். மலிவான கிரில்களில் 430 தான் அதிகம். கொஞ்சம் துருவும் பிடிக்கும். வெண்சாம்பல் நிறத்தில் பூப்பூவாகப் படிகம் தெரிந்தால் அது ஜி.ஐ. தகடு, துத்தநாகம் பூசியது.

ஜி.ஐ. உதிரியைத் தீக்கு அருகில் மறுபடி பயன்படுத்தக் கூடாது. துத்தநாகம் 420 டிகிரி செல்சியஸில் உருகி, 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். காற்று ஊதிய கரிக் கங்கு 1000 டிகிரியைத் தொடும். அந்த வெண்புகையை மூச்சில் இழுத்தவர்களுக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர் காய்ச்சலும் உடம்புவலியும் வரும். பால் குடித்தால் ஒன்றும் செய்யாது என்று வெல்டிங் பட்டறைகளில் சொல்வார்கள். நுரையீரலுக்குப் போன புகையைப் பால் என்ன செய்யும்? ஜி.ஐ. பட்டையில் வெல்டிங் வைக்காதீர்கள். ஃபிளாப் டிஸ்க் ஓட்டும்போதும் என்95 முகக்கவசம் போட்டு, திறந்த வெளியில் செய்யுங்கள். கால், சக்கரத் தாங்கி, பக்கத் தட்டு போன்ற சூடேறாத இடங்களுக்கு ஜி.ஐ. தாராளமாகப் போதும்.

பொட்டுகளைத் தேடுதல்

கரியும் பெயின்டும் மூடியிருந்தால் பொட்டு கண்ணுக்குப் படாது. கம்பி பிரஷால் இணைப்பு முழுவதையும் தேய்த்துவிட்டு, டார்ச்சைத் தகட்டோடு தகடாகச் சாய்த்து அடியுங்கள். பள்ளங்கள் நிழலாகத் தெரியும். வெளிப்பக்கம் ஒன்றுமே தெரியாவிட்டால் உள்பக்கம் பாருங்கள். மூடியின் வெளிப்புறம் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக அந்தப் பக்கம் அகலமான செம்புத் தட்டை வைத்து வெல்டிங் செய்வதுண்டு; அப்போது தடம் ஒரு பக்கம் மட்டுமே விழும்.

இன்னும் சந்தேகமென்றால் மெல்லிய ஆக்ஸா பிளேடை இரு தகடுகளுக்கும் இடையே நுழைத்து ஓட்டிப் பாருங்கள். எங்கே தடுக்கிறதோ அங்கே பொட்டு. ஒவ்வொன்றையும் மார்க்கரால் வட்டமிட்டு எண்ணிக்கையை எழுதிவையுங்கள். சின்ன பிராக்கெட்டில் 2 முதல் 4 வரை இருக்கும். ஒரு பொட்டு கண்ணில் படாமல் நின்றுவிட்டால், பிரிக்கும்போது தகடு அந்த இடத்தில் மடங்கிக் கிழியும்.

எல்லா இணைப்பும் ஸ்பாட் வெல்டிங் அல்ல. தலை உருண்டு வெளியே துருத்தினால் அது ரிவெட், அதாவது முனையை நசுக்கி இறுக்கிய ஆணி. காற்றுத் துவாரத்தைத் திறந்து மூடும் சுழல் தட்டு பெரும்பாலும் ரிவெட்டில்தான் சுழலும். அதன் தலையைத் துளைத்தால் போதும். மீன் செதில் போல வரிவரியாக மேடு தெரிந்தால் குச்சியை உருக்கி ஒட்டும் ஆர்க் வெல்டிங், அல்லது கம்பியை மெஷினே ஊட்டும் மிக் வெல்டிங். அதைக் கட்டிங் வீலால் அறுக்க வேண்டும்.

துளையிடுதல்

வேலையின் தரம் இங்கேதான் தீர்மானமாகும். அவசரம் வேண்டாம்.

தொட்டியை அசையாமல் கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். மெல்லிய தகட்டில் பிட் வெளியேறும் நொடியில் தகட்டைக் கவ்விச் சுழற்றும். பிடிக்காத உதிரி விசிறி போலச் சுற்றிக் கையை அறுத்துவிடும். முடிந்தால் பின்பக்கம் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுங்கள்.

பொட்டின் நட்டநடுவில் சென்டர் பஞ்ச் வைத்து ஓங்கி ஒரு அடி. பின்னால் கனமான இரும்புத் துண்டை அணைத்துப் பிடித்தால்தான் அடி இறங்கும். இல்லாவிட்டால் தகடு உள்வாங்கும். இந்தக் குழி ஆழமாக இல்லையென்றால் பிட் வழுக்கும். உருகி உறைந்த பொட்டு சுற்றியுள்ள இரும்பைவிடச் சற்றுக் கடினமாக இருப்பதால், வழுக்கிய பிட் இளகிய பக்கம் சாய்ந்து, பொட்டில் பாதியை வெட்டாமல் விட்டுவிடும். தகடு பிரியாமல் அடம்பிடிப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

அடுத்து 3 மி.மீ. வழித்துளை. மேல்தகட்டில் மட்டும். பிட்டில் முனையிலிருந்து 2 மி.மீ. தள்ளி இன்சுலேஷன் டேப் சுற்றிவைத்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியும். கெட்டி பிட் வகைக் கட்டருக்கு அதன் மூக்கு உட்காரும் பஞ்ச் குழியே போதும். வழித்துளை இல்லாமலும் செய்யலாம். வளைய வகையில் ஊசி வழுக்காமல் உட்காரத் துளை இருந்தால் நல்லது.

கட்டரைப் பொருத்தி, ஒரு சொட்டு கட்டிங் ஆயில் விடுங்கள். வேகம்: சாதாரண இரும்பில் 8 மி.மீ. கெட்டி பிட்டுக்கு நிமிடத்துக்கு 500 முதல் 800 சுற்று. வளையக் கட்டருக்கு 300 முதல் 500. வேகம் குறைக்க முடியாத சாதாரண டிரில்லிங் மெஷின் பல 2500 சுற்றுக்கு மேல் ஓடும். அந்த வேகத்தில் கட்டரின் கூர் நீலமாகக் கருகி, இரண்டே பொட்டில் மழுங்கிவிடும். ஸ்டெயின்லெஸ் என்றால் வேகத்தை இன்னும் பாதியாக்கி, அழுத்தத்தைக் கூட்டுங்கள். அழுத்தாமல் பிட்டை வெறுமனே சுழலவிட்டால் ஸ்டெயின்லெஸ் அந்த இடத்தில் இறுகிக் கெட்டியாகும். பிறகு எந்த பிட்டும் ஏறாது. கோபால்ட் கலந்த பிட் இதற்கு நல்லது.

மெஷினைத் தகட்டுக்குச் செங்குத்தாகப் பிடியுங்கள். சாய்ந்தால் வளையத்தின் ஒரு பக்கம் கீழ்த் தகடு வரை போய்விடும், மறுபக்கம் மேல்தகடே வெட்டுப்படாமல் நிற்கும்.

எங்கே நிறுத்துவது? சுருள் வரும் விதத்தைக் கவனியுங்கள். மேல்தகடு வெட்டுப்படும்போது பளபளப்பான சுருள் வரும். இரு தகடுகளுக்கும் இடையே போனதும் அங்கே பல வருடம் அடைபட்டிருந்த துருப்பொடி செம்பழுப்பாகவோ பெயின்ட் தூள் கறுப்பாகவோ வெளியே தள்ளப்படும். அதைக் கண்டதும் நிறுத்தி, ஊதிப் பாருங்கள். வெட்டின் அடியில் மெல்லிய கோடாக ஒரு வட்டம் தெரியும். அது மேல்தகடு முடிந்த இடம். வட்டம் முழுசாக இருந்தால் வேலை முடிந்தது. அரைவட்டமாக இருந்தால், இல்லாத பக்கம் மெஷினை ஒரு நூலளவு சாய்த்து இன்னொரு சுற்று கொடுங்கள்.

1 மி.மீ. தகட்டில் 5 மி.மீ. பொட்டுக்கு 8 மி.மீ. கட்டர் சுற்றிலும் 1.5 மி.மீ. இடம் விடும், மையம் கொஞ்சம் தவறினாலும் சமாளிக்கும். 24 கேஜ் தகடு, அதாவது 0.55 மி.மீ., மிக மெல்லியது. மலிவான மடக்கு கிரில்களில் இதுதான் இருக்கும். இதில் கட்டர் ஒரு மூச்சில் இரண்டு தகடுகளையும் கடந்துவிடும். அங்கே கிரைண்டர்தான் சரி.

பிரித்தல்

மெல்லிய உளியையோ பட்டி பிளேடையோ இரு தகடுகளுக்கும் நடுவே வைத்து, சுத்தியலால் மெதுவாகத் தட்டி நகர்த்துங்கள். உளியின் சாய்ந்த பக்கம் வீணாகப் போகிற தகட்டைப் பார்த்து இருக்கட்டும். காப்பாற்றும் தகட்டில் தழும்பு விழாது. சரியாக வெட்டியிருந்தால் டிக் என்ற சத்தத்தோடு விடும்.

விடாவிட்டால் நெம்பாதீர்கள். திருப்புளியைச் சொருகி நெம்பினால் பொட்டு பிரியாது, தகடு வளையும். வளைந்த எல் பட்டையின் மேல் வலை ஒருநாளும் சமமாக உட்காராது. ஒட்டிக்கொண்டிருக்கும் பொட்டு எது என்று பிளேடால் கண்டுபிடித்து, அதற்கு மறுபடி கட்டர் கொடுங்கள்.

குறுக்குவழி ஒன்று உண்டு. ஸ்பாட் வெல்டிங், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் திசையில் நன்றாகத் தாங்கும். உரிக்கும் திசையில் பலவீனம். ஒரே பொட்டில் நிற்கும் சின்ன பிராக்கெட்டைக் குறடால் இறுக்கிப் பிடித்து இடமும் வலமுமாக முறுக்கினால், துளையே போடாமல் பிய்ந்து வரும். ஆனால் பொட்டு பெரும்பாலும் மெல்லிய தகட்டைப் பொத்தான் போலப் பிய்த்துக்கொண்டு வரும். தொட்டி மெல்லியது, பிராக்கெட் தடித்தது, தொட்டி வேண்டாம் என்ற நிலையில் இதைவிட வேகமான வழி இல்லை. மற்ற நேரங்களில் வேண்டாம்.

பிரிந்த உதிரியில் பொட்டு மேடாக நிற்கும். அரத்தாலோ ஃபிளாப் டிஸ்க்காலோ தகட்டோடு சமமாக்குங்கள். ஓட்டை விளிம்பின் பிசிறை, பெரிய பிட்டைக் கையால் திருப்பி எடுத்துவிடலாம்.

கிரைண்டர் வழி

டிரில் நுழையாத மூலை, மிக மெல்லிய தகடு, கட்டர் நிற்காத வளைவு ஆகிய மூன்றுக்கும் இது. வீணாகப் போகிற தகட்டின் மேல், பொட்டு இருக்கும் இடத்தில் மட்டும் ஃபிளாப் டிஸ்க்கின் ஓரத்தைத் தொட்டுத் தொட்டு எடுங்கள். தகடு தாள் போல மெலிந்ததும் பொட்டைச் சுற்றி நீல வளையம் தெரியும். ஓரம் சுருண்டு பிரியத் தொடங்கும். அங்கே நிறுத்தி பிளேடைச் சொருகுங்கள்.

ஒரே இடத்தில் இரண்டு மூன்று நொடிக்கு மேல் அழுத்தினால் தகடு சிவந்து நெளியும். ஒரு பொட்டில் கொஞ்சம், அடுத்ததில் கொஞ்சம் என்று மாறி மாறிப் போனால் சூடு பரவாது. கிரைண்டரின் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. மூலையில் நுழையவில்லை என்பது அதற்குக் காரணமாகாது. மூலைக்குச் சின்ன டை கிரைண்டரும் (பேனா போல நீண்ட கிரைண்டர்) அதில் மாட்டும் கார்பைடு பர்ரும் (சுழலும் சிறு அரம்) இருக்கின்றன.

எனாமல் பூசிய கிண்ண கிரில்

உருண்டை கிரில்களுக்கு முன்னோடி சிகாகோவின் வெபர் பிரதர்ஸ் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன் 1952 இல் உருவாக்கியது. மிதவைக்கான இரும்புக் கோளத்தை இரண்டாக்கி அவர் அதைச் செய்தார். அந்த வகைக் கிரில்களில் பளபளவென்று இருக்கும் பூச்சு பெயின்ட் அல்ல, 800 டிகிரி அளவில் சுட்டு ஒட்டவைத்த கண்ணாடி. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே வெல்டிங் முடித்த பிறகே எனாமல் பூச முடியும். பொட்டுகள் அந்தக் கண்ணாடிக்கு அடியில் மங்கிய பள்ளமாக ஒளிந்திருக்கும்.

இதில் சென்டர் பஞ்ச் அடித்தால் எனாமல் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். கண்ணுக்கு மிக ஆபத்து. எச்.எஸ்.எஸ். பிட்டை நேரே வைத்தால் கண்ணாடி அதன் கூரைத் தின்றுவிடும். முதலில் அந்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, டைல்ஸ் துளைக்கும் டயமண்ட் பர்ரால் 10 மி.மீ. வட்டத்துக்கு எனாமலைச் சுரண்டி இரும்பைத் தெரியவையுங்கள். பிறகு மேலே சொன்னபடி பஞ்ச், கட்டர். கிண்ணத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் உளியும் சுத்தியலும் இங்கே ஆகாது. பிராக்கெட்டைக் கிரைண்டரால் தேய்த்தே எடுங்கள். விரிசல் விட்ட எனாமலுக்கு அடியில் துரு புகுந்தால் நிற்காது.

கம்பி வலை

வலையில் கம்பிகள் குறுக்கே குறுக்கே வைத்து அதே முறையில் ஒட்டப்பட்டவை. துளையிட இடமில்லை. வேண்டாத கம்பியைச் சந்திப்புக்கு இரு பக்கமும் கட்டிங் வீலால் அறுத்து, மிச்சத் துண்டை ஃபிளாப் டிஸ்க்கால் தேய்த்துவிடுங்கள். குரோம் அல்லது நிக்கல் முலாம் பூசிய வலையானால் தேய்த்த இடத்தில் முலாம் போய்த் துருப்பிடிக்கும். அதை உணவு படும் வலையாக வைக்காமல், கரி தாங்கும் கீழ்வலையாக வையுங்கள். முலாம் பூசிய கம்பியில் வெல்டிங் வேண்டாம். குரோமியப் புகை நச்சு. ஸ்டெயின்லெஸ் வலைக்கு இந்தக் கவலை குறைவு.

மறுபடி பொருத்தும்போது

எடுத்த இரும்பு உதிரிகளின் துருவைப் போக்க வினிகரில் ஓர் இரவு ஊறவைத்துத் தேய்த்தால் போதும். காலையில் கழுவி உடனே துடைத்து எண்ணெய் தடவாவிட்டால் மத்தியானத்துக்குள் செம்மண் பூசியது போலாகிவிடும். பேட்டரி சார்ஜரும் சோடாக் கரைசலும் வைத்துத் துரு எடுப்பவர்கள், எதிரே தொங்கவிடும் துண்டாக ஸ்டெயின்லெஸ்ஸைப் பயன்படுத்தக் கூடாது. தண்ணீரில் நச்சுக் குரோமியம் கலக்கும். சாதாரண இரும்புத் துண்டு போதும், அதையும் திறந்த வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

ஓட்டை விழுந்த 8 மி.மீ. இடத்துக்கு எம் 6 ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் இரு பக்கமும் 18 மி.மீ. அகல வாஷரும் பொருந்தும். நைலான் வளையம் வைத்த லாக் நட்டு சூட்டில் இளகிப் பிடி விட்டுவிடும். முழு உலோக லாக் நட்டு அல்லது ஸ்பிரிங் வாஷரோடு சாதாரண நட்டு போடுங்கள். மரையில் கிராஃபைட் கிரீஸ் தடவினால் அடுத்த வருடமும் கழற்றலாம். பாப் ரிவெட் (ஒரு பக்கமிருந்தே இழுத்து இறுக்கும் ரிவெட்) போடுவதானால் கங்குக்கு அருகில் அலுமினிய ரிவெட் கூடாது. அது 660 டிகிரியில் உருகும், அதற்கு வெகுமுன்பே இளகும். ஸ்டீல் ரிவெட் 4.8 மி.மீ. என்றால் 5 மி.மீ. புதுத் துளை வேண்டும். பழைய ஓட்டையில் அது நிற்காது.

வெல்டிங் மெஷின் உள்ளவர்களுக்கு அந்த ஓட்டையே வசதி: பிராக்கெட்டை வைத்து இறுக்கி, ஓட்டை வழியாக 0.8 மி.மீ. மிக் கம்பியால் நிரப்பிவிடலாம். வெறும் ஆர்க் வெல்டிங்கில் 1 மி.மீ. தகடு எரிந்து ஓட்டை பெரிதாவதுதான் வழக்கம். கை பழகாதவர்கள் போல்ட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நீளமான பட்டைகளை இரு முனையிலும் இறுக்கிவிடாதீர்கள். 400 மி.மீ. நீளமுள்ள சாதாரண இரும்புப் பட்டை 400 டிகிரி கூடுதல் சூட்டில் ஏறக்குறைய 2 மி.மீ. நீளும், 304 ஸ்டெயின்லெஸ் 2.7 மி.மீ. நீளும். ஒரு முனையில் துளையை அரத்தால் 9 மி.மீ. நீள்துளையாக்கி, அந்த போல்ட்டைக் கையால் நகரும் அளவுக்கு விட்டு வையுங்கள். இல்லாவிட்டால் பட்டை வில்லாக வளைந்து தொட்டிச் சுவரையும் உள்ளே இழுக்கும்.

வெளிப்பக்கத்துக்கு 600 டிகிரி தாங்கும் சிலிக்கோன் பெயின்ட் அடிக்கலாம். உள்பக்கம், உணவுக்கு நேரே எதுவும் அடிக்காதீர்கள். எண்ணெய் தடவிச் சூடேற்றினாலே கறுப்புப் படலம் கட்டும். பெயின்ட் காய்ந்ததும் உணவு வைக்காமல் ஒருமுறை கரி மூட்டி, முதலில் மெல்லிய தீயிலும் பிறகு முழுத் தீயிலும் சுட்டு, புகை வாசனை நின்றதா என்று பாருங்கள். ஆறிய பிறகு எல்லா நட்டையும் ஸ்பேனரால் ஒருமுறை இறுக்குங்கள், நீள்துளை போல்ட்டைத் தவிர.